எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் மின்கண்காணிப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில், கட்டடந்தோறும் மீட்டர் பொருத்தி, மின்சாரம் எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதைப் பதிவு செய்து, அந்தப் பதிவைக் கொண்டு செலவைக் குறைக்க வழி காட்டும் சேவை ஒன்றை நிர்வாகம் ஆண்டுச் சந்தாவுக்கு எடுத்தது. மின்னியல் துறையில் பாடம் நடத்துவதுடன் வளாகத்தின் மின்சிக்கனக் குழுவிலும் இருப்பதால், சேவை நிறுவப்பட்ட காலம் முதல் அதன் திரையோடும் அறிக்கைகளோடும் பழுது பார்க்க வரும் ஆட்களோடும் எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவும் இத்தகைய சேவையை வாங்குவது பற்றி விசாரித்து வருகின்றன. வழங்கும் நிறுவனங்கள் பல என்றாலும், உள்ளே இருக்கும் பாகங்களும் திரையின் அமைப்பும் விற்பவர் தரும் உறுதிமொழிகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல் எழுதினாலும் வாங்க நினைப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்கும் கருவி என்ற அளவில் இந்தச் சேவை நம்பத் தகுந்தது, வாங்கலாம். ஆனால் மீட்டர்களை எங்கே வைப்பது என்பதை விற்பவரின் பொறியாளரிடம் விட்டுவிட்டால், வயரிங் எங்கே வசதியாக இருக்கிறதோ அங்கே அவற்றை வைத்துவிட்டுப் போய்விடுவார். சுவிட்சை அணைக்கும் அதிகாரமும் பொறுப்பும் யாரிடம் இருக்கிறதோ, அந்த ஆளின் பயன்பாடு மட்டும் தனியாகத் தெரியும்படி ஒவ்வொரு மீட்டரும் அமைய வேண்டும். மீட்டர்கள் வந்த பிறகும் அசையாமல் இருந்த எங்கள் வளாகத்தின் மின்செலவு, அவற்றின் இடத்தை மாற்றிய பிறகே குறையத் தொடங்கியது.

சேவையில் கிடைப்பவை இவை. ஒவ்வொரு பேனல் போர்டிலும் சுவர்க்கடிகாரத்தை விடச் சிறிய ஒரு டிஜிட்டல் மீட்டரும், கேபிளைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையங்களான சி.டி. மூன்றும் வைக்கிறார்கள். மீட்டர்களைச் சங்கிலி போல ஒரு கம்பியில் கோத்து, ஆர்.எஸ்.485 என்னும் முறையில் ஒரு சேகரிப்புப் பெட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். கம்பி இழுக்க முடியாத தொலைவுக் கட்டடங்களுக்கு 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் லோரா வானொலிக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து இணையம் வழியாக அளவுகள் அவர்களுடைய சர்வருக்குப் போய், கைப்பேசியிலும் கணினியிலும் வரைபடங்களாகத் தெரிகின்றன. மின்னழுத்தம், ஆம்பியர், பவர் பேக்டர் (இழுக்கும் மின்திறனில் பயனுள்ள வேலைக்குப் போகும் விகிதம்), யூனிட், கே.வி.ஏ. (ஒரு நேரத்தில் இழுக்கும் மொத்த மின்திறன்) ஆகிய எல்லாம் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவாகின்றன. மின்வாரிய மின்சாரத்தில் ஓடிய யூனிட்டையும் ஜெனரேட்டரில் ஓடிய யூனிட்டையும் தனித்தனியே காட்டும் வசதி மீட்டரிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பொதுவாக மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும் என்பதால், கரண்ட் போன நேரத்தில் எந்தக் கட்டடம் எவ்வளவு இழுத்தது என்று அறிவது முக்கியம். இந்த வசதியைக் கேட்டு வாங்காவிட்டால் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிக் காட்டுவார்கள்.

நிறுவிய வேலையின் தரம் கலவையானது. ஆட்கள் பேனல் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். கேபிள்களுக்கு எண் ஒட்டினார்கள். வகுப்பு நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தவில்லை. ஆனால் சி.டி. மாட்டியதில் பிழை இருந்தது. மூன்று பேஸ்களில் ஒன்றின் சி.டி. தலைகீழாக மாட்டப்பட்டால், அந்த பேஸின் அளவு கழித்தலாகப் போய், மூன்றிலும் சமமாக லோடு இருக்கும் கட்டடத்தில் உண்மைச் செலவில் மூன்றில் ஒரு பங்கையே மீட்டர் காட்டும். எங்கள் நூலகக் கட்டடம் வளாகத்திலேயே மிகச் சிக்கனமான கட்டடமாக முதல் அறிக்கையில் பாராட்டப்பட்டதற்கு இதுவே காரணம். துணை மீட்டர்கள் எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மின்வாரியத்தின் பிரதான மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய இடைவெளி தெரிந்தது. கட்டடம் கட்டடமாகக் கிளாம்ப் மீட்டரை வைத்துச் சரிபார்த்ததில் பிழை வெளிப்பட்டது. சொன்னதும் வந்து திருத்தினார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இந்த ஒப்பீடு அவர்களே செய்து கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று. வாங்குபவர்கள் இறுதித் தவணைப் பணத்தை, துணை மீட்டர்களின் கூட்டுத்தொகை பிரதான மீட்டரோடு சில சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகும் வரை நிறுத்தி வைப்பது நல்லது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி டிமாண்ட் எச்சரிக்கை. எங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புகளுக்கு யூனிட்டுக்குத் தனியாகவும், ஒரே நேரத்தில் எவ்வளவு கே.வி.ஏ. இழுத்தோம் என்பதற்கு, அதாவது டிமாண்டுக்கு, தனியாகவும் கட்டணம் உண்டு. மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த டிமாண்டில் 90 சதவீதம், அல்லது அந்த மாதத்தில் பதிவான உச்சம், இவற்றில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதாவது 1,000 கே.வி.ஏ. ஒப்பந்தம் உள்ள வளாகம், மே மாத விடுமுறையில் மாணவர் ஒருவரும் இல்லாமல் கிடந்தாலும் 900 கே.வி.ஏ.வுக்குக் கட்டித்தான் தீர வேண்டும். இந்த விவரம் கணக்குப் பிரிவுக்கு எப்போதும் தெரிந்திருந்தாலும், உச்சம் எந்த நாளில், எந்த நேரத்தில், எதனால் வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. திரை அதைத் தெளிவாகக் காட்டியது. காலை ஒன்பதே காலுக்கும் பத்துக்கும் இடையே நிர்வாகக் கட்டடத்து ஏ.சி.க்கள், ஆய்வகங்கள், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள், கேண்டீனின் கிரைண்டர்கள் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியதால் வரும் உச்சம் அது. தொட்டி நிரப்பும் வேலையை அதிகாலைக்கு முன்பாகவும் மதிய உணவு நேரத்துக்கும் மாற்றியதில் அந்த முகடு தணிந்தது. ஓர் ஆண்டுப் பதிவு கையில் இருந்ததால், ஒப்பந்த டிமாண்டைக் குறைத்துக்கொள்ள விண்ணப்பிக்கவும் நிர்வாகத்துக்குத் துணிவு வந்தது. ஒரு விளக்கைக் கூட அணைக்காமல் கிடைத்த சேமிப்பு இது.

இதையொட்டி வருவது பவர் பேக்டர். உயரழுத்த நுகர்வோர் 0.90க்குக் குறையாமல் அதைப் பராமரிக்க வேண்டும்; குறைந்தால் அபராதம் உண்டு, குறைந்த பவர் பேக்டரில் கே.வி.ஏ.வும் ஏறும். பவர் பேக்டரை உயர்த்த வைத்திருக்கும் எங்கள் கெப்பாசிட்டர் பேனலில் இரண்டு வரிசை செத்துக் கிடந்ததைச் சேவை முதல் வாரத்திலேயே சுட்டிக் காட்டியது. நன்று.

இனி, மீட்டர் நிற்கும் இடம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் திட்டத்தில் கட்டடத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளாகத்துக் கட்டடங்கள் அப்படிப் பிரிந்திருப்பதில்லை. எங்கள் இரண்டாம் பிளாக்கை எடுத்துக்கொள்வோம்: தரைத்தளத்தில் ஒப்பந்தக்காரர் நடத்தும் கேண்டீனும் ஒரு வங்கியின் ஏ.டி.எம். அறையும், முதல் தளத்தில் வகுப்பறைகள், இரண்டாம் தளத்தில் கணினி ஆய்வகம், மாடியில் செல்போன் கோபுரத்துக்கான இணைப்பு. இத்தனைக்கும் ஒரே மீட்டர். அந்தக் கட்டடத்தின் இரவுச் செலவு அதிகம் என்று அறிக்கை வந்தபோது, துறைத்தலைவர் கேண்டீனைச் சொன்னார், கேண்டீன்காரர் ஆய்வகத்தைச் சொன்னார், ஆய்வக உதவியாளர் மாடியைக் கை காட்டினார். மூவரும் பொய் சொல்லவில்லை; தம் பங்கு எவ்வளவு என்று அறிய மூவருக்குமே வழியில்லை. பதில் சொல்ல ஆளில்லாத எண்ணை மாதாமாதம் அச்சிட்டு வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

ஆகவே குழுவில் உட்கார்ந்து, வளாகத்தின் மின்வரைபடத்தை ஒரு பக்கமும் பொறுப்பாளர் பட்டியலை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் என்ற விதியை ஏற்படுத்தினோம். சில மீட்டர்களை மெயின் பேனலிலிருந்து எடுத்து மாடிப் பேனல்களுக்கு மாற்றினோம். அதிகம் இழுக்காத கட்டடங்கள் சிலவற்றிலிருந்து மீட்டரையே எடுத்துவிட்டோம். கேண்டீனுக்குத் தனி மீட்டர் வந்து, வாடகையோடு மின்கட்டணத்தை அளவுப்படி வாங்கத் தொடங்கியதும், அதுவரை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஆழ்குளிர்ப் பெட்டியை ஒப்பந்தக்காரர் தானாகவே அப்புறப்படுத்தினார். விடுதிகளிலும் இப்படியே. சமையல்கூடத்தையும் அறைகளையும் ஒரே மீட்டரில் பார்த்தவரை, சமையல்கூடம் இணைந்திருந்த மகளிர் விடுதிக்கே எப்போதும் கெட்ட பெயர் வந்தது. சமையல்கூடத்தைப் பிரித்து, தங்கியிருப்பவர் ஒருவருக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிட்டபோது, வளாகத்திலேயே சிக்கனமான விடுதி அதுதான் என்று தெரிந்தது. இப்படிப்பட்ட பிரிப்பை நிறுவனம் முதலில் கூடுதல் வேலை என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்டது, பேசிக் குறைத்தோம். வாங்கும்போதே இந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அந்தப் பேரம் தேவைப்படாது.

இடம் சரியானதும் இரவுப் பதிவுகள் பேசத் தொடங்கின. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஒரு கல்விக் கட்டடம் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதிக்கு யாருக்கும் பயன் இருப்பதில்லை. அறுபது கணினிகள் உள்ள ஆய்வகத்தில், திரையோடு சேர்த்து கணினி ஒன்றுக்கு 70 வாட் என்று வைத்தாலும், மாலை ஐந்திலிருந்து காலை ஒன்பது வரை அணைக்காமல் விட்டால் ஓர் இரவுக்கு 67 யூனிட் ஆகிறது. உறக்க நிலைக்குப் போகும்படி அமைத்துவிட்டால் கணினி ஒன்று இழுப்பது ஓரிரு வாட்தான். தண்ணீர் குளிர்விப்பான்கள், காலி வராந்தாக்களின் விளக்குகள், கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறிகள், யாரும் உட்காராத அறையில் ஓடும் யு.பி.எஸ். ஆகியவை அடுத்த வரிசை. உயிரித்தொழில்நுட்பத் துறையின் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகளை அணைக்க முடியாது. அதைக் கேட்கவும் கூடாது. ஆனால் பெட்டி ஒன்றே ஒரு நாளைக்கு 10 முதல் 20 யூனிட் வரை தின்னக்கூடியது என்பது அத்துறையினருக்கே புதிய செய்தியாக இருந்தது. மாதிரிகள் தாங்கும் என்றால் மைனஸ் 70இல் வைப்பதைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எதை அப்படி வைக்கலாம் என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம்.

எதிர்பாராத அளவுக்கு விஷயம் நிறைந்திருந்தது தண்ணீர்ப் பக்கத்தில்தான். சிறுவாணித் தண்ணீரோ பவானிக் கூட்டுக் குடிநீரோ போதிய அளவு எட்டாத வளாகங்கள் நம் பகுதியில் ஏராளம். அவை போர்வெல்லை நம்பியே இருக்கின்றன, ஆயிரம் அடிக்கும் கீழே போன போர்கள் இங்கே அதிசயமில்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆயிரம் அடி மேலே கொண்டுவர, இழப்பே இல்லாத கணக்கில் 0.83 யூனிட் தேவை. மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம் என்று கொண்டால் அது 2 யூனிட்டைத் தாண்டுகிறது. அதே ஆயிரம் லிட்டரைத் தரைத்தொட்டியிலிருந்து நூறு அடி உயர மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற, அதே திறனில், 0.2 யூனிட் போதும். ஆகவே கசியும் ஒரு பிளஷ் தொட்டி நாளொன்றுக்குச் சில நூறு லிட்டரை வீணாக்கும்போது, அதனோடு பாதாளத்திலிருந்து இழுத்து வந்த மின்சாரமும் சாக்கடைக்குப் போகிறது. பிளம்பரை மின்சிக்கனக் குழுவின் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில் சேவை முதலில் ஏமாற்றமளித்தது. பம்புக்கான மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று மட்டும் காட்டியது. எத்தனை லிட்டர் வந்தது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கோடையில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது மோட்டார் ஏறக்குறைய அதே ஆம்பியரை இழுத்துக்கொண்டு குறைவான தண்ணீரையே தரும். யூனிட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஓடும் தண்ணீரின் அளவை மின்துடிப்புகளாக அனுப்பும் தண்ணீர் மீட்டரைக் குழாயில் பொருத்தி, அதையும் அதே பெட்டியில் இணைத்து, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற ஒற்றை எண்ணைத் திரையில் காட்டும்படி கேட்டோம். அவர்களின் மென்பொருளில் அதற்கு இடம் இருந்தது. யாரும் அதுவரை கேட்கவில்லை என்றார்கள். அந்த எண் வந்த பிறகு, எங்கள் போர்களில் ஒன்று மற்றொன்றை விட ஏறக்குறைய இரட்டிப்பு மின்சாரத்தைத் தின்பது தெரிந்தது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தபோது, அது பலமுறை காயில் கட்டப்பட்ட பழைய மோட்டார். பம்பினுள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர்கள் மணலில் தேய்ந்து போயிருந்தன. மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பும் கோவைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எரிந்த மோட்டாரைப் பட்டறையில் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கட்டி ஓட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அன்றைக்குச் செலவு குறைவு என்பது உண்மைதான், அந்தப் பட்டறைகளின் கைத்திறனும் பெரிது. ஆனால் கவனக்குறைவாகக் கட்டப்பட்ட காயில் ஒவ்வொரு முறையும் மோட்டாரின் திறனைச் சிறிது குறைக்கிறது; நாள் முழுவதும் ஓடும் மோட்டாரில் அந்தச் சிறு குறைவு புதிய பம்புசெட்டின் விலையைத் தாண்டிப் போய்விடுகிறது. கட்டுவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு இனி ஆயிரம் லிட்டருக்கான யூனிட் எண்ணைப் பார்த்து விடை சொல்லலாம்.

இனி வருவது இந்தச் சேவையின் மேல் எனக்குள்ள கடுமையான குறை. முதல் ஜூலையில், ஏப்ரலோடு ஒப்பிட்டுக் கணிசமான சேமிப்பு ஏற்பட்டிருப்பதாக வண்ண அறிக்கை ஒன்று வந்தது. சேமிப்பில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்கும் திட்டத்துக்கு மாறுமாறு அதனோடு ஒரு யோசனையும் இணைக்கப்பட்டிருந்தது. கொங்கு நாட்டில் வாழும் யாருக்கும் ஏப்ரலும் ஜூலையும் ஒன்றல்ல என்பது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும், நம் வகுப்பறைகளில் சன்னலைத் திறந்தாலே போதும் என்று ஆவதும் ஒரே காற்றால்தான். அந்த மாதங்களில் ஏ.சி. தானாகவே ஓய்கிறது. அதோடு பருவத்தேர்வு விடுமுறையும் சேர்ந்துகொண்டது. காற்றும் விடுமுறையும் தந்த குறைவைச் சேவையின் சாதனையாகக் கணக்கிட்டு அதற்குப் பங்கு கேட்பதை எந்த நிர்வாகமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சேமிப்பை முறையாகக் கணக்கிட உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறிமுறை ஒன்று உண்டு, ஐ.பி.எம்.வி.பி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். மாற்றத்துக்கு முந்தைய காலத்தை அடிப்படையாகக் கொண்டு, வெப்பநிலை, வேலைநாட்கள், இருந்த மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஏற்ப அந்த அடிப்படையைத் திருத்தி, அதன் பிறகே ஒப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் துறையின் முதுகலை மாணவர்கள் முந்தைய மின்கட்டணப் பட்டியல்களையும் வெப்பநிலைப் பதிவுகளையும் கல்வி நாள்காட்டியையும் வைத்து அப்படியோர் அடிப்படைக் கோட்டை வரைந்து தந்தார்கள். அதோடு ஒப்பிட்டபோது சேமிப்பு இருந்தது, ஆனால் வண்ண அறிக்கை சொன்ன அளவில் பாதி கூட இல்லை. அந்தக் குறைந்த எண்ணை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம், ஏனெனில் அது உண்மையான எண். நிறுவனமும் வாதாடாமல் மாணவர்களின் முறையைத் தங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. சேமிப்பில் பங்கு என்ற திட்டத்துக்கு நாங்கள் மாறவில்லை.

விசிறி, ஏ.சி., வெந்நீர் ஆகியவை பற்றிச் சேவை தந்த பரிந்துரைகள் எங்கும் கிடைப்பவைதான், சுருக்கமாகச் சொல்லலாம். 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி நல்ல முதலீடு. எட்டு விசிறிகள் உள்ள வகுப்பறையில் எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் மிச்சம். ஆனால் ரிமோட்டில் மட்டும் இயங்கும் விசிறியை வகுப்பறைக்கு வாங்க வேண்டாம், ரிமோட் அங்கே ஒரு பருவம் கூடத் தங்காது. சுவர் சுவிட்சிலேயே வேகம் மாற்றக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் 2020 முதல் 24 டிகிரியைத் தொடக்க அமைப்பாகக் கொண்டே வருகின்றன; ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது மின்சிக்கன வாரியமான பி.இ.இ. சொல்லும் கணக்கு. விடுதி வெந்நீருக்கு, 100 லிட்டரை 25 டிகிரி சூடேற்ற கீசர் ஏறக்குறைய 3 யூனிட் இழுக்கும் இடத்தில், காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் 1 யூனிட்டில் முடிக்கும். மார்கழிக் குளிரில் எல்லா அறை கீசர்களும் ஒரே நேரத்தில் ஓடி டிமாண்டை ஏற்றும் விடுதிகளுக்கு இது பொருந்தும். கூரைச் சூரியத்தகடுகளைச் சேவையின் திரையிலேயே பார்க்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் நம் பகுதியில் கிடைக்கிறது. மாலை ஏழு மணி விடுதி உச்சத்துக்கு அவை உதவுவதில்லை என்பதையும் அதே வரைபடம் காட்டிவிடுகிறது.

திரையைப் பற்றி. பொறியாளர் கண்ணுக்கு அது அழகாக இருக்கிறது. ஆனால் சுவிட்சை அணைப்பவர்கள் பொறியாளர்கள் அல்லர். எங்கள் வளாகத்தின் மூத்த வயர்மேனிடம் முதலில் கைப்பேசிச் செயலியைக் கொடுத்தபோது, சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சார், இந்தக் கோடு மேல போகுது, கீழ வருதுங்க. எந்த ரூம்ல எந்த சுவிட்சுன்னு சொன்னீங்கன்னா நான் போயி ஆப் பண்ணிப்போடறேனுங்க” என்றார். செயலியில் இருந்த பெயர்கள் எல்லாம் பேனல் எண்கள், அதுவும் ஆங்கிலத்தில். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கோரிக்கை என்று கருதி, நிறுவனத்திடம் எடுத்துச் சென்றோம். இப்போது ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு அந்தந்தப் பொறுப்பாளருக்குத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போகிறது: இந்தக் கட்டடம், இந்தத் தளம், நேற்றிரவு இத்தனை யூனிட், வழக்கமான அளவை விட இவ்வளவு கூடுதல், கூடியது இத்தனை மணியிலிருந்து. இவ்வளவுதான். வரைபடம் எதுவும் இல்லை. விடுதி வார்டன்களும் ஆய்வக உதவியாளர்களும் இந்தச் செய்தியைப் படித்துச் செயல்படுகிறார்கள். கூடுதல் எதுவும் இல்லாத நாளில் செய்தி வராது என்று வைத்தது மேலும் நல்ல பலன் தந்தது. தினமும் வரும் செய்தியை யாரும் படிப்பதில்லை. அந்த மூத்த வயர்மேன் இப்போது மின்சிக்கனக் குழுவின் உறுப்பினர். எந்தப் பேனலில் எந்த அறை என்று பழைய வரைபடங்களில் இல்லாத விவரமெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தது. மீட்டர்களின் பெயர்ப் பட்டியலை அவரோடு உட்கார்ந்தே திருத்தினோம்.

பழுது பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி இடிமழையில் சேகரிப்புப் பெட்டியின் தொடர்பு அட்டை எரிந்து, பாதி வளாகத்தின் பதிவு நின்றுபோனது. கட்டடங்களுக்கு வெளியே நீளமாகப் போகும் ஆர்.எஸ்.485 கம்பிக்கு மின்னல் காப்பு வைக்காததே காரணம். அந்தக் காப்பின் விலை எரிந்த அட்டையின் விலையை விடக் குறைவு. ஆள் வந்து மாற்றினாலும், இடைப்பட்ட நாட்களின் அளவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. இணையம் போனாலும் அளவுகளைச் சில வாரங்களுக்குத் தன்னிடமே வைத்திருக்கும் நினைவகம் கொண்ட மீட்டர்கள் சந்தையில் உண்டு. சிறிது கூடுதல் விலை கொடுத்தாவது அவற்றைக் கேட்க வேண்டும்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக மட்டும் இத்தகைய சேவையை வாங்க நினைக்கும் கல்லூரிகளுக்கு ஒரு சொல். அந்த மதிப்பீட்டுக்கு ஆற்றல் தணிக்கை மட்டுமே வேண்டும் என்றால், பி.இ.இ. சான்று பெற்ற தணிக்கையாளர் ஒருவர் வந்து சில நாட்கள் அளந்து அறிக்கை கொடுத்தால் அந்தத் தேவை நிறைவேறிவிடும். அது இதை விடச் செலவு குறைந்த வழி, நல்ல தணிக்கையாளர் வந்தால் மிகுந்த பயனும் தரும். ஆண்டு முழுவதும் அளக்கும் சேவையை, ஆண்டு முழுவதும் அதைப் பார்த்துச் செயல்பட ஆட்களை ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் வாங்குவது நியாயம். எங்கள் வளாகத்தில் அந்த வேலைக்கு ஒரு உதவிப் பேராசிரியரின் பாடவேளையில் ஒரு பகுதி குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாமல் இந்தச் சேவை ஓடியிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

சந்தாவை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க மூன்று நிபந்தனைகளோடு பரிந்துரைத்திருக்கிறேன். பதிவான அளவுகள் அனைத்தும் பல்கலைக்கழகத்தின் உடைமை. சந்தா நின்றாலும் அவற்றை விரிதாளாக எடுத்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் வேண்டும். மீட்டர்கள் மாட்பஸ் என்னும் பொதுவான தரவுப் பரிமாற்ற முறையில் பேசுபவையாகவே இருக்க வேண்டும். நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் சுவரில் இருக்கும் கருவிகளைக் கழற்றி எறியும் நிலை வரக்கூடாது. வெளிக்கம்பிகள் எல்லாவற்றுக்கும் அடுத்த ஐப்பசிக்கு முன் மின்னல் காப்பு பொருத்தப்பட வேண்டும். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதன் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. விடுதிகளின் தண்ணீர் மீட்டர்களை இணைக்கும் வேலை இந்தப் பருவத்தில் தொடங்குகிறது, ஆய்வக உறைபெட்டிகளுக்குத் தனி மீட்டர்கள் அதற்கு அடுத்து வரும்.